150 டாலருக்குள் பாஸ் மீன்பிடிப்பு: எதை வாங்குவது, எதை விடுவது?

வெண்ணாற்றுக்கரை (டாலஸ்)

அனைவருக்கும் வணக்கம். டாலஸ் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் கிரேப்வைன் ஏரி. பள்ளித் தோழன் ஒருவன் லார்ஜ்மவுத் பாஸ் மீனைத் தூக்கிப் பிடித்து நிற்கும் படத்தைப் பார்த்ததிலிருந்து, என் பன்னிரண்டு வயது மகன் தூண்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறான். எனக்கும் ஆசைதான். சிறுவயதில் வெண்ணாற்றில் மூங்கில் கழியும் மண்புழுவும் வைத்துக் கெண்டையும் கெளுத்தியும் பிடித்திருக்கிறேன். மயிலிறகுத் தண்டில் தக்கை செய்வோம். தக்கை முங்கினால் இழுக்க வேண்டும், அந்த அளவுக்குத்தான் தெரியும்.

சென்ற வாரம் ஒரு பெரிய கடைக்குப் போனோம். போலி இரைகளுக்கென்றே நான்கு நீண்ட வரிசைகள். அரை மணி நேரம் சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பினோம். இணையத்தில் 120 லூர்கள் (போலி இரைகள்) அடங்கிய பெட்டி 25 டாலருக்குக் கிடைக்கிறது. அதை வாங்கலாமா? உரிமக் கட்டணம் உட்பட மொத்தம் 150 டாலர் ஒதுக்கியிருக்கிறேன். படகு இல்லை, கரையிலிருந்துதான் வீசப்போகிறோம்.

மாலைத்தூண்டில் (டைலர், கிழக்கு டெக்சஸ்)

முதலில் அந்த 120 லூர் பெட்டி: வேண்டாம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு பெட்டியை நான் வாங்கினேன். அதிலிருந்த ஒரு கிராங்க்பெய்ட்டை (மீன் வடிவக் கடின லூர்) நல்ல மீன் ஒன்று கவ்வியது. கரைக்கு நான்கடி இருக்கும்போது விடுபட்டுப் போயிற்று. எடுத்துப் பார்த்தால் முக்கவர் முள்ளில் இரண்டு கவர்கள் நிமிர்ந்து நேராகிவிட்டிருந்தன. மீனுக்கும் உங்களுக்கும் நடுவே இருப்பவை மூன்றே பொருள்கள்: முள், முடிச்சு, நரம்பு (தூண்டில் இழை). பணம் குறைவாக இருப்பவர் இந்த மூன்றில் மிச்சம் பிடிக்கக் கூடாது. மற்ற எதில் வேண்டுமானாலும் பிடிக்கலாம்.

டெக்சஸில் 17 வயது நிரம்பாதவர்களுக்கு உரிமம் தேவையில்லை. ஆகவே உங்களுக்கு மட்டும் வாங்கினால் போதும். மாநிலவாசிக்கான நன்னீர் உரிமம் 30 டாலர். அது ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். இப்போது மார்ச் என்பதால் வாங்குவதில் நட்டமில்லை. மாநிலப் பூங்காக்களுக்குள் மீன்பிடிக்க உரிமமே கேட்பதில்லை, நுழைவுக் கட்டணம் மட்டும்தான். உங்களுக்குப் பக்கத்தில் ஜோ பூல் ஏரிக்கரையில் சீடர் ஹில் பூங்கா இருக்கிறது. சில பூங்காக்களில் நூலகத்தில் புத்தகம் தருவதுபோலத் தூண்டிலையும் ரீலையும் முள்பெட்டியையும் இரவலாகத் தருகிறார்கள். மகனுக்கு முதல் தூண்டிலை அப்படி எடுத்துக் கொடுங்கள். அவனுக்கு இதில் மனம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கலாம்.

உங்களுக்கு ஏழடி நீளம், மீடியம் வலு, ஃபாஸ்ட் ஆக்‌ஷன் ஸ்பின்னிங் ராடு (ரீல் கீழ்ப்பக்கம் தொங்கும் தூண்டில் கழி) ஒன்று. ஃபாஸ்ட் என்றால் நுனிப்பகுதி மட்டும் வளையும், அடிப்பகுதி விறைப்பாக நிற்கும். ரீலோடு சேர்த்தே விற்கும் அக்லி ஸ்டிக் ஜிஎக்ஸ்2 ஏறக்குறைய 50 டாலருக்குக் கிடைக்கும். கார் கதவில் மாட்டினாலும் எளிதில் உடையாத ராடு அது. வீட்டில் சிறுவன் இருக்கும்போது அதுவும் ஒரு கணக்கு. ரீலில் ஏற்கெனவே சுற்றியிருக்கும் நரம்பு எதுவானாலும் கழற்றிவிடுங்கள். 10 பவுண்டு இழுவை தாங்கும் மோனோ (ஒற்றை இழை நைலான்) நரம்பு, ட்ரைலீன் எக்ஸ்எல் போல ஒன்று, 9 டாலருக்குள் வரும். ஒரு சுருளில் ரீலை இரண்டு மூன்று முறை நிரப்பலாம்.

இரைக்கு ஒரே ஒரு வழியைக் கற்றுக்கொள்ளுங்கள்: டெக்சஸ் ரிக். நரம்பில் முதலில் ஈயத்தைக் கோர்த்து, பிறகு முள்ளைக் கட்டி, முள்முனையைப் புழுவுக்குள் மறைத்து வீசும் முறை அது. 3/0 அளவு அகல வளைவு ஆஃப்செட் முள் ஒரு பொட்டலம், 3/16 அவுன்ஸ் துப்பாக்கிக்குண்டு வடிவ ஈயம் ஒரு பொட்டலம், ஆறரை அங்குல ஜூம் ட்ரிக் வோர்ம் என்ற பிளாஸ்டிக் புழு இரண்டு பொட்டலங்கள். மூன்றும் சேர்ந்து 18 டாலர். ஒரு பொட்டலத்தில் இருபது புழுக்கள் இருக்கும். மூக்கு நீண்ட இடுக்கி ஒன்றும் வாங்குங்கள், முள்ளைக் கழற்ற அது இல்லாமல் முடியாது.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நிக் கிரீம் என்பவர் 1949-இல் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரனில் தம் வீட்டுச் சமையலறையில் பிளாஸ்டிக் புழுவை உருவாக்கினார். பின்னர் அவருடைய தொழில் டைலருக்கு இடம்பெயர்ந்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் பாஸ் மீன் அந்தப் புழுவைக் கவ்வுவதை நிறுத்தவில்லை.

படகுக்காரி (ஆஸ்டின்)

மேலே சொன்னதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். சிறுவனுக்கு டெக்சஸ் ரிக்கிலிருந்து தொடங்காதீர்கள். கல்லில் ஈயம் தட்டுவதற்கும் மீன் தட்டுவதற்கும் வேறுபாடு பிடிபடுவதற்குள் பல வாரங்கள் போய்விடும், பிள்ளை சலித்துவிடுவான். வாக்கி ரிக் கொடுங்கள். ஐந்து அங்குல சென்கோ என்ற பிளாஸ்டிக் புழுவின் நடுவில் ஒரு ரப்பர் வளையம், அந்த வளையத்தின் அடியில் ஒன்றாம் எண் முள், ஈயமே கிடையாது. வீசியதும் இரண்டு முனைகளும் துடிதுடிக்க மெதுவாக இறங்கும். அவன் செய்ய வேண்டியது எதுவுமில்லை. நரம்பைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தால் மீன்.

லேடி பேர்ட் ஏரியில் கயாக்கிலிருந்து நான் பிடிக்கும் மீன்களில் பாதி இப்படித்தான் வருகின்றன. சென்கோ விலை கூடுதல், பத்துப் புழு எட்டு டாலர் ஆகிறது. உப்பு நிறைந்த மென்மையான பொருள் என்பதால் இரண்டு மீனுக்குக்கூட ஒரு புழு தாங்காது. புழுவை முள்ளில் நேரடியாகக் குத்தாமல் வளையத்தில் கோர்த்தால் நான்கைந்து மீன் தாங்கும். அந்த வளையத்துக்குத் தூண்டில் கடைக்குக்கூடப் போக வேண்டாம். வன்பொருள் கடையில் குழாய்க்கு விற்கும் ரப்பர் ஓ-வளையம் போதும், புழுவை இறுக்கமாகப் பிடிக்கும் அளவாகப் பாருங்கள்.

வெண்ணாற்றுக்கரை (டாலஸ்)

இருவருக்கும் மிக்க நன்றி. ஐயா, இரண்டு ஐயங்கள். ஃபுளோரோகார்பன் நரம்புதான் நீருக்குள் தெரியாது, அதைத்தான் வாங்க வேண்டும் என்று கடையில் சொன்னார்கள். இன்னொருவர் பின்னல் நரம்பு என்றார். மோனோ போதுமா? அடுத்தது நிறம். ஒரே புழு நாற்பது நிறங்களில் தொங்குகிறது.

மாலைத்தூண்டில் (டைலர், கிழக்கு டெக்சஸ்)

மூன்றுக்கும் வேலை வேறு. ஃபுளோரோகார்பன் மூழ்கும், உரசலைத் தாங்கும், ஆனால் விலை கூடுதல், ஸ்பின்னிங் ரீலில் சுருண்டு எழும்பித் தொல்லை தரும். நீர்ப்பரப்பில் ஓடும் லூருக்கு ஆகவே ஆகாது, மூக்கைக் கீழே இழுத்துவிடும். பின்னல் நரம்பு நீளாது, அதனால் சிறு தட்டல்கூடக் கைக்கு வரும். ஆனால் தெளிந்த நீரில் கயிறுபோலத் தெரியும், முனையில் வேறு நரம்பு முடிந்தாக வேண்டும். மோனோ கொஞ்சம் நீளும். புதியவர் பதற்றத்தில் வேகமாக இழுக்கும்போது அந்த நீட்சிதான் மீனின் வாயைக் கிழியாமல் காப்பாற்றுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிட்டால் மோனோவில் குறையே இல்லை.

ஒரு எச்சரிக்கை. டெக்சஸில் 2009-இல் டெக்ஸோமா ஏரியில் வரிக்குதிரைச் சிப்பி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதன்பின் பல ஏரிகளுக்குப் பரவிவிட்டது. கற்களில் கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கும் அதன் ஓட்டு விளிம்பு கத்தி மாதிரி. நரம்பு எதுவானாலும் பத்து வீச்சுக்கு ஒருமுறை கடைசி இரண்டடியை விரல்களுக்கிடையே உருவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். சோம்பல்பட்டு விட்ட அந்த இரண்டடியால்தான் என் பெரிய மீன்கள் போயின.

முடிச்சுக்குப் பாலமர் ஒன்று போதும். நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் துளையில் கோர்த்து, ஒரு சாதாரண முடிச்சைத் தளர்வாகப் போட்டு, மடிப்பு வளையத்துக்குள் முள்ளை நுழைத்து எடுங்கள். எச்சில் தொட்டு ஈரமாக்கிய பிறகே இறுக்குங்கள், உலர்ந்த நரம்பை இறுக்கினால் உரசல் சூட்டில் வலுவிழந்துவிடும். வீட்டில் உட்கார்ந்து இருபது முறை கட்டிப் பாருங்கள், மகனையும் கட்டச் சொல்லுங்கள்.

நிறத்துக்கு இரண்டே பொட்டலம். ராடின் நுனியை நீரில் விடுங்கள். இரண்டடி ஆழத்திலும் நுனி தெரிந்தால் க்ரீன் பம்ப்கின் அல்லது வாட்டர்மெலன். தெரியாவிட்டால் ஜூன்பக் அல்லது கறுப்பு-நீலம். மீதி முப்பத்தெட்டு நிறங்களும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பைனி காடு (ஹூஸ்டன்)

மூத்தவரிடம் எனக்கு மதிப்பு உண்டு, ஆனாலும் எதிர்வாதம் ஒன்றை வைக்கிறேன். மலிவாக வாங்குபவர் ஓராண்டில் மறுபடியும் வாங்குவார். கான்ரோ ஏரியில் நான் கற்ற பாடம் இது. ஒரே தடவையில் 150 டாலரையும் நல்ல பெய்ட்காஸ்டர் ரீலுக்கு (கழியின் மேல் அமர்ந்து, வீசும்போது சுருளே சுழலும் வகை) போட்டிருந்தால் நான் இரண்டு ரீல்களை வீணாக்கியிருக்க மாட்டேன். பெய்ட்காஸ்டர் இல்லாமல் தடித்த நரம்பு போட முடியாது, தடித்த நரம்பு இல்லாமல் புதருக்குள்ளிருந்து மீனை இழுக்க முடியாது.

இன்னொன்று. புழுவை மட்டும் வைத்துக்கொண்டு மெதுமெதுவாக இழுத்தால் ஒரு நாளில் எவ்வளவு கரையைத் தேட முடியும்? பிப்ரவரி, மார்ச்சில் நீர்ப்பாசிக்கு மேலே சிவப்பு ராட்டில்-ட்ராப் லூரை வீசி வேகமாக இழுப்பது டெக்சஸ் மரபு. பாசியில் மாட்டும்போது வெடுக்கென்று பிடுங்குவோம், அந்தக் கணத்தில்தான் மீன் அடிக்கும். மீன் எங்கே என்று தேட ஒரு லூர், கிடைத்த இடத்தில் நின்று பிடிக்க ஒரு புழு. இரண்டும் வேண்டும்.

படகுக்காரி (ஆஸ்டின்)

பெய்ட்காஸ்டரைப் புதியவர் கையில் கொடுத்தால் முதல் மாதம் முழுக்க நரம்புச் சிக்கலைப் பிரிப்பதிலேயே போகும். சுருள் ஓடும் வேகத்தைக் கட்டைவிரலால் அடக்கப் பழக வேண்டும். இலேசான புழுவை அதில் வீசவும் முடியாது. தேடுவதற்கு ஒரு லூர் வேண்டும் என்பது மட்டும் சரியான வாதம். ஆனால் கரையிலிருந்து வீசுபவர் முக்கவர் முள் இரண்டு தொங்கும் லூரைக் கல்லில் மாட்டினால், போய் எடுக்க வழியில்லை. ஒரு மாலையில் இரண்டு போனால் பதினைந்து டாலர். ஒற்றை முள் உள்ள ஸ்பின்னர்பெய்ட் (சுழலும் தகடு பொருத்திய லூர்) வாங்கலாம், கிளைகளின் மேல் உரசி ஏறி வந்துவிடும். கலங்கல் நீருக்கு வட்டமான கொலராடோ தகடு, அதன் அதிர்வு மீனுக்கு எட்டும். தெளிந்த நீருக்கு நீண்ட வில்லோ தகடு.

சிம்கோக்கரை (டொராண்டோ)

எங்கட பக்கத்தில் நரம்பைத் தங்கூசி என்போம். சிம்கோ ஏரியில் நான் தேடுவது ஸ்மால்மவுத் பாஸ். என்றாலும் சிக்கனம் என்று வந்தபடியால் நெட் ரிக்கைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

கான்சஸ் மாநிலத்து எழுத்தாளர் நெட் கெடியின் பெயரால் வழங்கும் முறை இது. ஐந்து அங்குலப் புழுவைப் பாதியாக வெட்டி, காளான் தலை போன்ற சிறிய ஈயத்தலை முள்ளில் கோர்ப்பார்கள். அவ்வளவுதான். ஒரு புழு இரண்டாகிறது. தலை கிழிந்துபோன பழைய புழுக்களை எறியாமல் கிழிசலை வெட்டிவிட்டு இதற்குப் பயன்படுத்தலாம். இசட்-மேன் நிறுவனத்தின் புழுக்கள் இழுத்தால் ரப்பர்போல நீளும், எளிதில் கிழியாது, ஒன்றை வைத்தே பல மீன் பிடிக்கலாம். ஆனால் அவற்றைச் சாதாரண பிளாஸ்டிக் புழுக்களோடு ஒரே பெட்டியில் போட்டுவிடாதீர்கள். ஒன்றையொன்று உருக்கிக் கூழாக்கிவிடும்.

ஈயம் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டுகளுக்கு 1997 முதல் தடை. லூன் பறவை ஏரியடியில் கிடக்கும் ஈயத்தைக் கூழாங்கல் என்று விழுங்கி நஞ்சேறிச் செத்துப்போகிறது. ஈயத்துக்கு மாற்றான டங்ஸ்டன் விலை கூடுதல் என்பது எனக்கும் தெரியும். குறைந்தது அறுந்த ஈயத்தையும் கிழிந்த புழுவையும் கரையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

மாலைத்தூண்டில் (டைலர், கிழக்கு டெக்சஸ்)

சிம்கோக்கரை சொன்னதை நானும் இங்கே பின்பற்றத் தொடங்குகிறேன். பழைய ஈயக் கையிருப்பு தீர்ந்ததும் டங்ஸ்டன்தான்.

ஹூஸ்டன் நண்பருக்கு: ஸ்பின்னர்பெய்ட் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதை ஏற்கிறேன். பெய்ட்காஸ்டரை ஏற்க முடியாது. 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்து மாண்ட்கமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள பாஸ் பிடித்தார். அவரும் நண்பரும் சேர்ந்து போயிருந்தார்கள். இருவருக்கும் ஒரே தூண்டில், முறைவைத்து வீசினார்கள். கட்டியிருந்தது மரத்தில் செதுக்கிய ஒரே ஒரு போலி மீன். மீனை எடைபோட்டுப் பதிவு செய்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டார்கள். 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்த மீன் ஓர் அவுன்ஸுக்கும் குறைவாகவே கூடுதல் என்பதால், உலகச் சாதனையில் இருவர் பெயரும் இன்றும் சமமாக நிற்கின்றன. குரிதா பயன்படுத்தியது உயிருள்ள புளூகில் மீன். நம் மாநிலச் சாதனையும் அப்படித்தான்: 1992 ஜனவரியில் ஃபோர்க் ஏரியில் கிடைத்த 18.18 பவுண்டு மீன், கிராப்பி மீனுக்காகச் சிறுமீனைக் கோர்த்துப் போட்டிருந்தவரின் தூண்டிலில் ஏறியது.

நல்ல கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த ராடு தமக்கு வேண்டும் என்பது ஒரு பருவம் முழுக்க வீசிய பிறகே ஒருவருக்குத் தெரியும். தெரியாத நிலையில் 150 டாலரை ஒரே ரீலில் போடச் சொல்வது சரியன்று. அந்தப் பணத்தில் அவருடைய மகன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்?

பைனி காடு (ஹூஸ்டன்)

மகனை நான் கணக்கில் எடுக்கவில்லை. அது என் பிழை. ஸ்பின்னிங்கே சரி.

வெண்ணாற்றுக்கரை (டாலஸ்)

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். எனக்கு ஜிஎக்ஸ்2. மகனுக்குப் பூங்காவில் இரவல் எடுத்து ஒரு வாரம் பழகியபின், பக்கத்துத் தெருவில் வீட்டுப் பொருள்களை விற்றவர்களிடம் பத்து டாலருக்கு ஆறரையடி ராடு கிடைத்தது. ரீலைத் திறந்து துடைத்து எண்ணெய் இட்டேன், நன்றாகவே ஓடுகிறது.

நான்கு முறை போனோம். மகன் வாக்கி ரிக்கில் ஒரு கையளவு பாஸ் பிடித்தான். எனக்கு ஒன்றுகூட இல்லை. டெக்சஸ் ரிக்கில் தட்டுகிறது, இழுக்கிறேன், வெறும் முள் வருகிறது. தக்கை இல்லாத தூண்டில் எனக்குக் கண்ணைக் கட்டி விட்டதுபோல இருக்கிறது. என்ன தவறு செய்கிறேன்?

மாலைத்தூண்டில் (டைலர், கிழக்கு டெக்சஸ்)

தவறு கையில் இருக்கலாம், புழுவைக் கோர்த்த விதத்திலும் இருக்கலாம். முதலில் கோர்ப்பது. முள்முனையைப் புழுவின் தலையில் கால் அங்குலம் இறக்கிப் பக்கவாட்டில் வெளியே எடுங்கள். முள்ளின் துளை தலைக்குள் மறையும்வரை உருவி, முள்ளைத் திருப்பி, வளைவு எங்கே முடிகிறதோ அங்கே புழுவின் உடலில் குத்துங்கள். முனை மறுபுறத் தோலுக்கு அடியில் மட்டும் பதுங்கி நிற்க வேண்டும். தூக்கிப் பார்த்தால் புழு நூல் பிடித்தாற்போல நேராகத் தொங்க வேண்டும். வளைந்திருந்தால் நீரில் சுழலும், நரம்பு முறுக்கேறும், மீன் கிட்டே வராது. முனை சதைக்குள் ஆழமாகப் புதைந்திருந்தால் நீங்கள் சொல்வதுபோல வெறும் முள்தான் வரும்.

இனி இழுப்பது. புழுவைச் சுருட்டி இழுக்காதீர்கள். ராடின் நுனியைப் பத்து மணி நிலையிலிருந்து பதினொரு மணி நிலைக்கு மெல்லத் தூக்கி, பிறகு இறக்கி, தளர்ந்த நரம்பை மட்டும் சுற்றுங்கள். புழு கீழே விழும்போதுதான் பெரும்பாலும் மீன் கவ்வும். நீங்கள் ஆற்றங்கரையில் தக்கையைப் பார்த்துப் பழகியவர். அந்தப் பழக்கம் வீணாகவில்லை. இங்கே நரம்பு நீருக்குள் நுழையும் இடம்தான் உங்கள் தக்கை. அதையே பாருங்கள். சட்டென்று துள்ளினாலோ, புழு தரையைத் தொடும் முன்பே தளர்ந்துவிட்டாலோ, ஓரமாக நகர்ந்தாலோ மீன். கல் தட்டினால் நரம்பு நகராது.

தட்டியதும் இழுக்க வேண்டாம். நுனியை இறக்கித் தளர்வைச் சுற்றி எடுத்துவிட்டு, ஒரே வீச்சில் மேலே தூக்குங்கள். முள் பிளாஸ்டிக்கையும் கிழித்துக்கொண்டு தாடையில் ஏற வேண்டுமே, அதற்கு அந்த வலு தேவை.

இன்னும் ஒன்று. வெப்பமானி ஒன்றை நீரில் விட்டுப் பாருங்கள். 60 பாரன்ஹீட்டைத் தாண்டியிருந்தால் முட்டையிடும் காலம், மீன் கரையோரம் மூன்று நான்கடி ஆழத்திலேயே நிற்கும். நடு ஏரியைப் பார்த்து வீசாதீர்கள். கரைக்கு இணையாக வீசுங்கள்.

வெண்ணாற்றுக்கரை (டாலஸ்)

நேற்று மாலை. நீர் 64 பாரன்ஹீட். கரைக்கு இணையாக, சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் நிழலோரம் வீசினேன். நரம்பு நீரில் நுழையும் இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது முறை இறக்கியபோது அந்த இடம் இடப்பக்கம் நகரத் தொடங்கியது. எந்தத் தட்டலும் இல்லை. மயிலிறகுத் தக்கை சாய்ந்து ஓடுமே, அதே ஓட்டம். தளர்வைச் சுற்றினேன், தூக்கினேன்.

பதினைந்தேகால் அங்குலம். முள் மேல்தாடையில் சரியாக ஏறியிருந்தது. பதினான்கு அங்குலத்துக்கு மேல் வைத்துக்கொள்ளலாம் என்பது சட்டம், ஆனால் வயிறு முட்டையோடு உப்பியிருந்தது. மகனே கையை நனைத்துக்கொண்டு கீழுதட்டைப் பிடித்து நீரில் விட்டான். நரம்பைத் தடவிப் பார்த்தேன், ஓரடிக்கு மேல் சொரசொரப்பு. வெட்டி மறுபடி கட்டினேன்.

உரிமம், வரி, மகனின் ராடு எல்லாம் போக 10 டாலர் மீதி இருக்கிறது. ஸ்பின்னர்பெய்ட்டா, வேறு ஏதாவதா?

படகுக்காரி (ஆஸ்டின்)

வாழ்த்துகள் அண்ணா! ஸ்பின்னர்பெய்ட் இலையுதிர் காலம்வரை காத்திருக்கட்டும். முட்டையிடும் பருவம் முடிந்ததும் மே மாதத்தில் மீன் நீர்ப்பரப்பில் அடிக்கத் தொடங்கும். ரெபெல் பாப்-ஆர் என்ற மிதக்கும் லூர் ஒன்று வாங்கித் தம்பியின் கையில் கொடுங்கள். மோனோ நரம்பு மிதக்கும், அதற்குப் பொருத்தமாகவும் இருக்கும். வீசி, வளையங்கள் அடங்கும்வரை பொறுத்திருந்து, ஒரு இழுப்பு. விடியும் முன்பே கரையில் இருங்கள்.

மாலைத்தூண்டில் (டைலர், கிழக்கு டெக்சஸ்)

நானும் அதையேதான் சொல்ல வந்தேன். வாங்கியதும் பின்பக்க முக்கவர் முள்ளின் கூர்முனையை நகத்தில் வைத்துப் பாருங்கள். வழுக்கினால் அரத்தில் தீட்டிவிட்டுக் கட்டுங்கள்.